சர்வர் அறையைக் காலி செய்தோம்

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இந்த போன் வருவது நிற்கவில்லை. வாணியம்பாடியிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ, ஏதாவது ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர் பேசுவார். "மேடம், நாங்க சாஃப்ட்வேர் சொந்தமா எழுத ஆரம்பிச்சிருக்கோம். சர்வர் வாங்கி இங்கயே வெச்சுக்கலாமா, இல்ல க்ளவுடுக்குப் போய்ரலாமா?" மின்சாரம், இன்டர்நெட் லைன், பேக்கப் என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்வேன். நான் சொல்வதில் தப்பு இருக்காது. ஆனால் போனை வைத்த பிறகு அன்றைய பொழுது முழுக்க ஒன்றும் பிடிக்காது. என்னிடம் வேலை கற்ற ஒரு பையன், "ஏன் மேடம், ஏன் பிடிக்கலங்கறதையும் சேத்து எழுதி வெச்சிடுங்களேன்" என்றான். எழுதுகிறேன். படிப்பவருக்கு இதனால் ஒரு வழி தெரியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

என் பெயர் எஸ்தர். அப்பா லாரி டிரைவர். வேலூரில் பாலிடெக்னிக் முடித்து, ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கும் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ். கம்ப்யூட்டர்கள் மாறின, நானும் கூடவே கற்றுக்கொண்டேன். ஒரு கட்டத்தில் கம்பெனியின் சர்வர்கள் எல்லாம் என் பொறுப்புக்கு வந்தன. இதைச் சொல்ல இவ்வளவு போதும்.

எங்கள் கம்பெனி மற்றவர்களைப் போல வெளியே மென்பொருள் வாங்கவில்லை. பச்சைத்தோல் வந்து இறங்குவது முதல் ஷூ பெட்டிக்குள் போகும் வரை எல்லாவற்றுக்கும் சொந்தமாகவே எழுதினோம். நன்றாக வந்ததால் ஊரிலிருந்த மற்ற ஷூ கம்பெனிகளும் அதையே வாங்கின. எழுதியவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். அணைக்கட்டிலிருந்து செல்வி, பேர்ணாம்பட்டிலிருந்து இரண்டு பேர், ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்த ஷாஹீன், இன்னும் சிலர். பாதிக்கு மேல் பெண்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப மாட்டோம், உள்ளூரில் வேலை கிடைத்தால் போ என்று வீட்டில் சொல்லப்பட்டவர்கள்.

ஷாஹீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டிங் பகுதிக்கான மென்பொருளை அவள்தான் எழுதினாள். ஒவ்வொரு தோலிலும் முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த பொட்டு, ஓட்டை எல்லாம் இருக்கும். கட்டிங் செய்பவர் அவற்றைத் தவிர்த்துத்தான் வெட்ட வேண்டும். அதனால் மீதி விழுவது அவர் குற்றமில்லை. முதலில் நாங்கள் வைத்திருந்த கணக்கு இதைப் பார்க்காது. மோசமான தோல் கிடைத்தவன் மோசமான வேலைக்காரன் என்று காட்டும். ஷாஹீன் ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் கட்டிங் ஹாலில் வாரக்கணக்கில் நின்று பார்த்தாள். பிறகு தழும்புகளின் பரப்பைக் கழித்துவிட்டு ஆளின் வேலையை அளக்கும்படி எழுதினாள். கட்டிங் ஹாலில் அதற்குப் பிறகு சண்டை குறைந்துவிட்டது என்று சூப்பர்வைசர்கள் சொல்வார்கள்.

எங்கள் எல்லாருக்கும் மேலே நயீம் சாஹிப், எங்கள் வாயில் நயீம் சாப். அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. இளவயதில் தோலை ஊறப்போட்டு முடி நீக்கும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் மேஸ்திரியாக இருந்தவர். முதலாளி குடும்பத்துக்கு அவர் மேல் நம்பிக்கை அதிகம் என்பதால் இந்தப் பிரிவைக் கொடுத்திருந்தார்கள். கடைசி வரை கீபோர்டைத் தொட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சர்வர் அறை வாசலில் நிற்பார். நாம் எதைச் சொல்லப் போனாலும், "மொதல்ல கெட்டத சொல்லுங்கம்மா. நல்லது எங்கயும் போவாது" என்பார். சொல்லி முடித்ததும் இரண்டாவது கேள்வி வரும். "இது தெரிஞ்சு சொல்றீங்களா, நெனச்சு சொல்றீங்களா?" நினைத்துச் சொல்கிறேன் என்றால் கோபப்பட மாட்டார். "சரி, தெரிஞ்சுகிட்டு வாங்க" என்று நகர்ந்துவிடுவார். தெரிந்ததற்கும் நினைத்ததற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

எங்கள் சர்வர் அறை தொழிற்சாலை வளாகத்திலேயே, ஆபீஸ் கட்டடத்தின் பின்பக்கம் முதல் மாடியில் இருந்தது. பின்சுவரைத் தாண்டினால் சுண்ணாம்புக் குழிகளும் கழிவுநீர்த் தொட்டியும். வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு கோடையில் பில்ட் சர்வர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. எல்லாரும் எழுதும் நிரல்களைச் சேர்த்து, சோதித்து, ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டிக் கொடுக்கும் மெஷின் அது. அது நின்றால் எல்லார் வேலையும் நிற்கும்.

முதலில் மெமரியில் பிழை என்று காட்டியது. மெமரியை மாற்றினோம். சில வாரத்தில் மறுபடி. மதர்போர்டையே மாற்றினார்கள். அதுவும் அந்த மழைக்காலம் தாண்டவில்லை. விற்ற கம்பெனியின் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்து, "உங்க கரண்ட் சரியில்ல மேடம்" என்றார். புதிதாக எர்த் குழி தோண்டினோம். யூபிஎஸ் மாற்றினோம். வோல்டேஜை நானே உட்கார்ந்து பார்த்தேன், ஆடவில்லை. அதற்குள் இரண்டாவது சர்வரும் படுத்துவிட்டது. அதில்தான் எங்கள் நிரல்கள் எல்லாம் இருந்தன. பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். ஆனால் மீட்டு வைத்த மெஷினும் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கழற்றி வைத்த போர்டு ஒன்றை ஒருநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். செம்புக் கோடுகளின் ஓரத்தில் கரிப் பூச்சு போல ஏதோ படர்ந்திருந்தது. விரலால் தேய்த்தால் போகவில்லை. நான் கழுத்தில் போட்டிருந்த வெள்ளிச் சிலுவையும் அதே நிறத்தில்தான் இருந்தது. ஆம்பூரில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும், பல்பொடி போட்டுத் தேய்த்தால் வெளுக்கும். இது எங்களுக்கெல்லாம் பழக்கமான விஷயம். பழக்கமானதாலேயே நான் அதுவரை யோசித்ததில்லை.

நயீம் சாப் முன்னால் போனால் அந்த இரண்டாவது கேள்வி வரும் என்று தெரியும். அதனால் முதலில் சோதித்தேன். செம்புத் தகட்டை மூன்று துண்டாக வெட்டி, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஒன்றைச் சர்வர் அறையில் தொங்கவிட்டேன். ஒன்று ஆபீஸ் முன்பக்கம். ஒன்று பள்ளிகொண்டாவில் என் வீட்டு ஹாலில். ஒரு மாதம் விட்டேன். வீட்டில் இருந்தது கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். முன்பக்கம் இருந்தது பழுப்பேறியிருந்தது. சர்வர் அறையில் இருந்தது கறுப்பு. ஏசிக்குப் பின்பக்கச் சுவரில்தான் காற்று உள்ளே வரும் வழி வைத்திருந்தார்கள். குழிக் காற்றை இழுத்து, குளிரவைத்து, நாங்களே மெஷின்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்று துண்டுகளையும் போர்டையும் நயீம் சாப் மேஜையில் வைத்தேன். அவர் போர்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது குழி கேஸும்மா. அழுகுன முட்டை நாத்தம் வருமே, அது."

"ஆமா சாப். தெரிஞ்சுதான் சொல்றேன்."

"எனக்கும் தெரியும். எங்கூட முனுசாமின்னு ஒருத்தன் வேலை செஞ்சான். தோஸ்து. தொட்டி அடச்சிகிச்சின்னு உள்ள எறங்குனான், ஏறவே இல்ல. அவன தூக்கப் போனவனும் ஏறல." போர்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப யாரும் தொட்டிய மாத்தல. இப்ப மெஷின் சாவுது. பாருங்க, உடனே மீட்டிங் போடுவாங்க."

உடனே மீட்டிங் போட்டார்கள்.

விற்ற கம்பெனி கையை விரித்துவிட்டது. காற்றால் வரும் கேட்டுக்கு உத்தரவாதம் இல்லையாம். அறையை அடைத்து, காற்றை அந்த கேஸை உறிஞ்சும் மருந்து வடிகட்டி வழியாக விட்டு, அதை அடிக்கடி மாற்றிக்கொண்டு இங்கேயே இருக்கலாம். அல்லது க்ளவுடுக்குப் போகலாம். அதாவது மெஷின்களே நமக்கு வேண்டாம், வேறெங்கோ பெரிய கட்டடத்தில் இருக்கும் வேறொருவருடைய மெஷின்களை வாடகைக்கு எடுத்து, இன்டர்நெட் வழியாக வேலை செய்வது. எங்கள் குழுவில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த கார்த்திக் என்ற இளைஞர் க்ளவுடுக்கு உயிரை விடுபவர். நான் சர்வர் அறைக்காரி. நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசுவோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நயீம் சாப்புக்கும் தெரியும். அதனால் மாற்றிவிட்டார். "எஸ்தரம்மா, நீங்க க்ளவுடுக்காகப் பேசுங்க. கார்த்தி, நீ சர்வர் ரூமுக்காகப் பேசு. எதிராளி வாயில வர்ற நியாயம்தான் எனக்கு வேணும்."

அந்தக் கூட்டத்துக்குச் சின்ன முதலாளியும் வந்து உட்கார்ந்தார். முதலாளியின் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். குழு முழுவதும் சுவரோரம் நின்றது.

நான் பேசினேன். மெஷின் செத்தால் மாற்றும் கவலை நமக்கு இருக்காது என்றேன். சோதனை நடக்கும் நேரத்துக்கு மட்டும் பெரிய மெஷின் எடுத்துக்கொள்ளலாம், மற்ற நேரம் விட்டுவிடலாம் என்றேன். பேக்கப் வேறு ஊரில் இருக்கும். வடிகட்டி போட்டாலும் கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று வரும். பேசப் பேச, நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை, இதெல்லாம் உண்மை என்று எனக்கே தெரிந்தது.

கார்த்திக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஹைவேல பள்ளிகொண்டா கிட்ட ஜேசிபி ஒரு தடவ தோண்டுனா கேபிள் கட் ஆகும், அன்னிக்கு மொத்த பேரும் சும்மா உக்காரணும்" என்றார். மாத வாடகை நம் கட்டுப்பாட்டில் இருக்காது என்றார். கடைசியில் வாதம் தீர்ந்துபோய், சிரித்துக்கொண்டே, "சர்வர் இங்க இருக்கற வரைக்கும் டீமும் இங்கதான் இருக்கும் சார். சர்வர் போச்சுன்னா நம்ம எல்லாம் எதுக்கு ஆம்பூர்ல?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ஷாஹீன் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சின்ன முதலாளியும் சிரித்தார். நயீம் சாப் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

க்ளவுட் என்று முடிவாயிற்று. இன்று கேட்டாலும் அந்த அறைக்கு நான் வேறு மருந்து சொல்ல மாட்டேன். என்னை அதிகம் சோர வைப்பது இதுதான். எங்காவது தப்பாக முடிவெடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழலாம்.

மாற்றும் வேலையை நான்தான் நடத்தினேன். முதலில் சோதனைக்கான டேட்டாவை ஏற்றினோம். ஒரே நிரலை இங்கேயும் அங்கேயும் கட்டி, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட்டோம். யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, யாருக்கு எதை மாற்ற அனுமதி என்று ஒவ்வொருவர் பெயரிலும் சாவிகள் உண்டாக்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இங்கே நிறுத்தி அங்கே திறந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக முடிந்த வேலை வேறில்லை. பழைய மெஷின்களைக் காயலான் கடைக்காரர் வந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். அறையில் மாதிரி ஷூக்களை அடுக்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஷாஹீனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். முன்பென்றால் அவள் வேலையை விட்டிருப்பாள். இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். "மேடம், எங்க அப்பாக்கு ஒரு கையால கஞ்சி, ஒரு கையால கோடிங்" என்று சொல்வாள். எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பதை நாங்கள் எல்லாரும் பெரிய விடுதலையாக நினைத்தோம். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றால் யார் வேண்டுமானாலும் என்றும் அர்த்தம் என்பது எங்களுக்கு எட்டவில்லை. அது சின்ன முதலாளிக்கு எட்டியது.

நயீம் சாப் ஓய்வு பெற்றுப் போனார். அவர் போன பிறகு, மென்பொருள் பிரிவைப் பெங்களூரில் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். விற்பனை எப்படி நடந்தது என்று நான் நேரில் பார்த்தேன். முன்பென்றால் மெஷின்களை லாரியில் ஏற்றியிருக்க வேண்டும், இங்கிருந்து ஆட்கள் போய் அங்கே நிறுவிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போது க்ளவுட் கணக்கின் உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டார்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகூட அசையவில்லை.

பெங்களூருக்கு வருபவர்களுக்கு அங்கே வேலை உண்டு என்றார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறோம் என்று ஷாஹீனும் மற்றப் பெண்களும் கேட்டார்கள். குழு ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்று பதில் வந்தது. மெஷின் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாமாம், ஆள் மட்டும் பெங்களூரில் இருக்க வேண்டுமாம். கார்த்திக் போனார். செல்வி வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போய் ஹாஸ்டலில் தங்கினாள். மற்றவர்களுக்கு வழியில்லை.

போகாதவர்களின் சாவிகளை எடுக்கும் வேலை எனக்கு வந்தது. என் ஓய்வுக்குச் சில மாதங்கள் இருந்தன, ஒப்படைப்பு முடியும் வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உள்ளே நுழையும் அனுமதியை நிறுத்த வேண்டும். பிறகு சாவிகளை அழிக்க வேண்டும். ஏற்கனவே உள்ளே இருப்பவரை வெளியேற்ற வேண்டும். அவர் பாதியில் வைத்திருக்கும் வேலையை இன்னொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஓட்டை விழும். வரிசை மாறாமல் செய்தேன். இன்றோடு வேலை முடிகிறதென்று எல்லாருக்கும் காலையிலேயே சொல்லியாகிவிட்டது என்று பெங்களூரிலிருந்து மெயில் வந்திருந்தது.

ஷாஹீனின் பெயரை முடித்த கொஞ்ச நேரத்தில் அவள் போன் செய்தாள்.

"மேடம், உள்ளயே போக மாட்டேங்குது. ஹைவேல கேபிள் கட்டா?"

"ஒனக்கு யாரும் பேசலியாம்மா?" என்றேன்.

"யாரு பேசணும்? நான் காலைலேர்ந்து கட்டிங் மாட்யூல்லதான் இருந்தேன். பாதில தூக்கிப் போட்டுடுச்சி. சேவ்கூட பண்ணல."

"ஷாஹீன், கேபிள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தாம்மா எடுத்தேன்."

பின்னால் அவள் அப்பா ஏதோ உருதுவில் கேட்பது கேட்டது. அவரிடம் ஏதோ பதில் சொன்னாள். பிறகு என்னிடம், "சரி மேடம். நீங்களா இருந்ததே பரவால்ல" என்று வைத்துவிட்டாள். மீதி இருந்த பெயர்களுக்கு, ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்து சொல்லிவிட்டு எடுத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

அந்த வாரம் நயீம் சாப்பைப் பார்க்கப் போனேன். மூச்சு இழுப்பு அதிகமாகி, ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குழி வேலை செய்த வருடங்கள் நெஞ்சில் இருக்கிறதென்று டாக்டர் சொன்னாராம். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அன்னிக்கு மீட்டிங்ல, சர்வர் போச்சுன்னா நம்ம எதுக்குன்னு கார்த்தி சொன்னப்ப நான் கேட்டிருக்கணுமோன்னு பேஜாரா இருக்கும்மா" என்றார்.

"கேட்டிருந்தா என்ன சாப் ஆயிருக்கும்?"

யோசித்தார். "ஒண்ணும் ஆயிருக்காது. மெஷின் செத்திருக்கும். அப்பவும் வித்திருப்பாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "இது தெரிஞ்சு சொல்றேன்" என்றார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன்.

ஷாஹீன் வேறு வேலை தேடினாள். அப்பாவை விட்டு நகர முடியாது. சாஃப்ட்வேர் எழுதும் வேலை ஆம்பூரில் இல்லை. கடைசியில் ஊரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பகுதிக்கு என்ட்ரி போடும் வேலை கிடைத்தது. அவர்கள் பயன்படுத்துவது எங்கள் பழைய மென்பொருள்தான். அவள் எழுதிய திரையில் அவளே உட்கார்ந்து நம்பர் அடிக்கிறாள். அங்கே யாரிடமும் அதைச் சொல்லவில்லையாம்.

சில நாட்களுக்கு முன்னால் கூப்பிட்டாள். பின்னால் கட்டிங் மெஷின்கள் சத்தம்.

"மேடம், புது வெர்ஷன் போட்டாங்க. தழும்பு கழிக்கற கணக்கையே எடுத்துட்டாங்க. மட்டமான தோல் கெடைச்சவங்க எல்லாம் வேஸ்ட் பண்றாங்கன்னு காட்டுது. நேத்து ரெண்டு பேர வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நல்ல வேலைக்காரங்க மேடம்."

"பெங்களூருக்கு எழுதுனியா?"

"எழுதுனேன். எந்த எடத்துல எந்தக் கணக்கு விட்டுப்போச்சுன்னு வரி வரியா எழுதுனேன்."

"என்ன சொன்னாங்க?"

"மென்பொருள் சரியா வேலை செய்யுது, என்ட்ரி போடற ஆளுக்குப் பயிற்சி பத்தலன்னு சொல்லிட்டாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு ட்ரெயினிங் வெச்சிருக்காங்க மேடம், இன்னிக்கு மத்தியானம். ஆன்லைன்ல."

"போகப் போறியா?"

"அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க மேடம். போய்த்தான் ஆகணும்."